சென்னைப் பட்டணத்தில் வைத்திய உத்தியோகம்

ஒரு நகரத்தின் வைத்திய சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அந்நகரத்து ஆஸ்பத்திரிகளையும், அவற்றுக்குப் பொருளுதவி செய்த பிரபுக்களையும், அரிய சத்திர சிகிச்சைகளால் கீர்த்தி பெற்ற டாக்டர்களையும் வரிசைப்படுத்திச் சொல்லி, அத்துடன் தங்கள் கடமை முடிந்ததென்று கருதிவிடுகிறார்கள். அந்த ஆஸ்பத்திரிகளில் புண்ணைக் கழுவிக் கட்டியவர் யார், மருந்தைக் கலந்து கொடுத்தவர் யார், இரவெல்லாம் கண்விழித்து நோயாளியின் நாடியைப் பார்த்துக் குறித்து வைத்தவர் யார், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள், அந்த வேலை அவர்களுக்கு நிலைத்ததா என்பனவெல்லாம் சரித்திரத்தின் பக்கங்களில் இடம்பெறுவதில்லை. ஆனால் வைத்தியம் என்பது ஞானமும் கருணையும் மட்டுமன்று. அது பல்லாயிரம் குடும்பங்களின் ஜீவனோபாயமும் ஆகும். சென்னையைப் போல மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கில வைத்தியத்தை நடத்திவரும் நகரத்தில், அந்த ஜீவனோபாயத்தின் கதையைத் தனியே எடுத்துச் சொல்வது அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கதையை ஆதிமுதல் பார்த்துவரும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இந்நகரத்தில் சிகிச்சை தேடி வந்தவர்களின் கூட்டம் ஒரு காலத்திலும் குறைந்ததில்லை. கற்றுத் தேர்ந்து வேலைக்குக் காத்து நின்றவர்களும் பெரும்பாலான காலங்களில் குறைந்ததில்லை. இவ்விருவரையும் சேர்த்துவைக்க வேண்டிய பணியிடம் என்பது மட்டும், நோயாளிகளின் தேவையைக் கொண்டு நிர்ணயிக்கப்படாமல், அதிகாரத்தில் இருந்தவர்களின் விருப்பத்தையும் கஜானாவின் கணக்கையும் கொண்டே நிர்ணயிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதிலும், நோயாளியின் படுக்கைக்கு ஒருவர் எவ்வளவு அருகில் நிற்கிறாரோ அவ்வளவுக்கு அவருடைய சம்பளம் சுருங்கியும், அந்தஸ்து தாழ்ந்தும், வேலையின் உறுதி குலைந்தும் போயிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு, கொடி மாறிய பின்பும் முழுவதும் மாறவில்லை என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

1664-ஆம் ஆண்டில், ஸர் எட்வர்ட் விண்டர் கோட்டையின் தலைவராக இருந்தபோது, நோயுற்ற கம்பெனிச் சிப்பாய்களைக் கிடத்திச் சிகிச்சை செய்வதற்காகப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு சிறிய ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அது பல இடங்கள் மாறி, 1772-இல் இப்போது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே பொது மருத்துவமனை நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. இந்திய நோயாளிகளுக்கு அதன் கதவு திறந்ததோ 1842-இல்தான். ஆனால் இந்தியர்களின் கைகள் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வேலை செய்யத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த சர்ஜன் ஒருவர். அவருக்கு அடுத்தபடியாக மருந்துகளைப் பொறுப்பேற்று நடத்தும் அப்பாத்திகரி. அவருக்குக் கீழே புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர். அவருக்கும் கீழே பெயரில்லாத தோட்டிகளும் ஆயாக்களும் தண்ணீர் சுமப்பவர்களும். இப்படிப் படிப்படியாக அமைந்த அந்த வரிசையில் முதற்படி ஐரோப்பியருக்கும், இரண்டாம் படி பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியருக்கும், மூன்றாம் படி சுதேசிகளுக்கும் என்று பிறப்பைக் கொண்டே பங்கிட்டு வைக்கப்பட்டிருந்தது. எல்லோருக்கும் அடியில் நின்ற துப்புரவு வேலை, நம்முடைய சமூகம் தாழ்த்தி வைத்திருந்த ஜாதியாருக்கே விடப்பட்டது. வெள்ளைக்காரர் வகுத்த படிநிலையும் நாம் வகுத்து வைத்திருந்த படிநிலையும் ஆஸ்பத்திரியின் வாசலில் எவ்வித முரண்பாடும் இல்லாமல் ஒன்றாய்ப் பொருந்திக்கொண்டன.

1835-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், கவர்னர் ஸர் பிரடெரிக் ஆடம் காலத்தில், டாக்டர் வில்லியம் மார்ட்டிமரின் பொறுப்பில் பொது மருத்துவமனையை ஒட்டி ஒரு வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. 1850-இல் சென்னை மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்று, இன்று உலகமெங்கும் தன் மாணவர்களை அனுப்பி வைத்திருக்கும் அந்த ஸ்தாபனம், ஆரம்பத்தில் மேதைகளை உருவாக்கும் நோக்கத்தோடு நிறுவப்பட்டதன்று. சேனையின் பட்டாளங்களுக்கும் ஜில்லா வைத்தியசாலைகளுக்கும் அப்பாத்திகரிகளும் டிரஸ்ஸர்களும் தேவைப்பட்டார்கள். இங்கிலாந்திலிருந்து ஆட்களைக் கொண்டுவருவது செலவு மிகுந்ததாக இருந்தது. ஆகையால் உள்ளூரிலேயே ஆட்களைப் பழக்கிக்கொள்வது என்று அரசாங்கம் தீர்மானித்தது. ஆகவே இந்நகரத்தின் முதல் வைத்தியக் கல்வி, வேலைச் சந்தையின் தேவையிலிருந்தே பிறந்தது என்று சொல்ல வேண்டும். படித்து வெளிவந்தவனுக்கு உத்தியோகம் நிச்சயம்; ஆனால் அந்த உத்தியோகத்தின் எல்லையும் நிச்சயம். எவ்வளவு சாமர்த்தியமும் அனுபவமும் இருந்தபோதிலும், டிரஸ்ஸராக நுழைந்தவன் சர்ஜனாக உயர்வதற்கு வழியில்லை. சர்ஜன் பதவிகளுக்கு வழியான இந்தியன் மெடிக்கல் சர்வீஸின் பரீட்சை 1855-இல் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்பட்ட பின்பும், அது லண்டனில் நடந்தமையால், கடல் கடந்து செல்லப் பொருளும் துணிவும் உடைய மிகச் சிலருக்கே அது எட்டியது.

கோட்டைக்கு வடக்கே, ராயபுரத்தை அடுத்த பகுதியில் வேறொரு கிளை வளர்ந்தது. 1782-இல் பஞ்சத்தால் அலைந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம், பசித்தவர்களோடு நோயாளிகளும் வந்து சேர்ந்தமையால் மெல்ல மெல்ல வைத்தியசாலையாகவும் மாறிற்று. வடசென்னையின் ஜனங்கள் வெகுகாலம் வரையில் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்து வந்தார்கள். அதைச் சார்ந்து உண்டான ராயபுரம் வைத்தியப் பள்ளியில்தான் வைத்திய லைசென்ஸைக் குறிக்கும் எல்.எம்.பி. என்ற மூன்றெழுத்துக்களைத் தம் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொண்ட ஒரு பெரிய வைத்திய வர்க்கம் தயாராயிற்று. கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் ஜில்லாத் தலைநகரங்களையும் நகரத்துப் பெரிய வீதிகளையும் நாடியபோது, இந்த எல்.எம்.பி. டாக்டர்களே தண்டையார்பேட்டை, பெரம்பூர், சைதாப்பேட்டை முதலிய இடங்களிலும், தாலுக்கா டிஸ்பென்ஸரிகளிலும் அமர்ந்து, காலணாவுக்கும் அரையணாவுக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பங்களுக்கு வைத்தியம் செய்தார்கள். அந்தப் பள்ளி 1934-இல் கவர்னர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி, 1938-இல் கல்லூரியாக உயர்ந்தது.

பெண்களுக்கு இந்த உத்தியோகம் திறந்த விதம் தனியே விஸ்தரிக்கத் தக்கது. பிரசவம் பார்ப்பது நம் நாட்டில் ஆதியிலிருந்தே மருத்துவச்சியின் தொழில். குடும்பத்தில் தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்து, தெருவுக்கு ஒருத்தியாக அவர்கள் வாழ்ந்து வந்தார்கள். 1844-இல் எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டதும், அதன் பின் பத்து ஆண்டுகளுக்குள் மிட்வைஃப் பயிற்சிக்கு அரசாங்கம் ஏற்பாடு செய்ததும், 1871-இல் பொது மருத்துவமனையில் நர்ஸ்களுக்குப் பயிற்சி தொடங்கியதும், பெண்ணின் கைப்பழக்கமாக இருந்த ஒன்றைச் சம்பளம் பெறும் உத்தியோகமாக மாற்றின. சம்பளத்தோடு சீருடையும் சான்றிதழும் வந்தன. அவை இல்லாத மருத்துவச்சியோ, தன் அனுபவத்துக்கு மதிப்பிழந்து, நாளடைவில் பழிச்சொல்லுக்கும் ஆளானாள். அவளிடத்தில் சுத்தத்தைப் பற்றிய அறிவு குறைவாயிருந்தது மெய்யே. ஆனால் அவளைப் பழக்கிப் புதிய ஏற்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்வதற்குச் செய்யப்பட்ட முயற்சி மிகவும் சொற்பம்.

1875-ஆம் ஆண்டில் மேரி ஆன் ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணியும், அவருடன் வேறு மூன்று பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். உலகத்தின் பல பெரிய நகரங்களில் பெண்களுக்கு வைத்தியக் கல்லூரிகளின் கதவு அடைபட்டிருந்த காலம் அது. பாரிஸ்டர் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த அவ்வம்மையார், அந்நிய ஆடவர் தம்மைத் தொட்டுப் பார்ப்பதற்கு உடன்படாமல் உயிரை விட்ட, திரைக்குள் வாழ்ந்த கோஷா ஸ்திரீகளின் நிலையைக் கேட்டு மனம் கலங்கி, முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் பயின்று, பிறகு சர்ஜன் ஜெனரல் பால்ஃபரின் ஆதரவோடு கல்லூரியில் நுழைந்தார். பின்னர் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் ஜாதி ஹிந்து, கோஷா ஸ்திரீகளுக்கென்று தனி ஆஸ்பத்திரி ஏற்படுவதற்கு அவர் காரணமானார். வேங்கடகிரி ராஜாவின் தர்மத்தால் திருவல்லிக்கேணிக் கடற்கரையோரத்தில் சொந்தக் கட்டடம் பெற்ற அந்தக் கோஷா ஆஸ்பத்திரி, இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று வழங்குகிறது. பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைத்த அதே வழக்கம், பெண் டாக்டர்களுக்கும் பெண் நர்ஸ்களுக்கும் வீட்டுக்கு வெளியே ஓர் உத்தியோக சாலையைத் திறந்துவிட்டது என்பது நம் சமூக சரித்திரத்தில் கவனிக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

அந்தச் சாலையில் நடந்து வந்தவர்களுள் தலைசிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையிலிருந்து வந்து, 1907-இல் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் சிறப்போடு தேறிய அவர், எழும்பூர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார். படிப்பில் தேறுவதைப் பார்க்கிலும் ஒரு பணியிடத்தைப் பெறுவது எவ்வளவு கடினமானது என்பதை அக்காலத்துப் பெண்கள் அனைவரும் அறிவார்கள். ஒருத்தி அங்கே நின்று காட்டியதால் பிறகு வந்த பலருக்கு அந்த இடம் சுலபமாயிற்று.

ஆடவர்களிலும் இப்படிப்பட்ட போராட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளின் உயர்ந்த பதவிகள் இந்தியன் மெடிக்கல் சர்வீஸைச் சேர்ந்த ஐரோப்பியர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நாளில், சத்திர சிகிச்சையில் இணையற்ற கைவன்மை வாய்ந்த டாக்டர் எஸ். ரங்காச்சாரி போன்றவர்கள் அந்த வேலியைத் தம் திறமையாலேயே தளர்த்தினார்கள். சொந்தமாக விமானம் வாங்கி வைத்துக்கொண்டு வெளியூர் நோயாளிகளைப் பார்க்கப் பறந்து சென்ற அவர் 1934-இல் காலமானார். பொது மருத்துவமனைக்கு முன்னால் அவருடைய சிலை இன்றும் நிற்கிறது. 1939-இல் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக அமர்ந்தார். பள்ளி தொடங்கி நூற்று நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகே அந்த நாற்காலி இந்தியர் ஒருவருக்குக் கிடைத்தது என்பதைச் சொன்னால், வேறு விளக்கம் வேண்டுவதில்லை. அதற்கு முன்பே, சம்பளம் இல்லாமல் கௌரவ உத்தியோகஸ்தர்களாக ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யத் தனி வைத்தியர்களை அழைக்கும் முறையும் வழக்கத்துக்கு வந்திருந்தது. அரசாங்கத்துக்குச் செலவு குறைந்தது. இந்திய டாக்டர்களுக்கு வார்டில் அனுபவமும் ஊரில் பெயரும் கிடைத்தன. ஆனால் சம்பளமில்லாத பதவியை வகிப்பதற்கு முன்கூட்டியே வசதி படைத்தவராக இருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே சட்டத்தின் கோடு ஒன்றும் குறுக்கே விழுந்தது. 1914-ஆம் வருஷத்துச் சென்னை வைத்தியப் பதிவுச் சட்டம், பதிவேட்டில் பெயர் ஏறியவரையே வைத்தியர் என்று அங்கீகரித்தது. தலைமுறை தலைமுறையாக மயிலாப்பூரிலும் திருவொற்றியூரிலும் சூரணமும் லேகியமும் தயாரித்து, ஊராரின் நம்பிக்கையைப் பெற்றிருந்த சித்த வைத்தியர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுடைய மனக்குறை வளர்ந்து, முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்து, அதன் பயனாக 1924-இல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டு, காப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் தலைவரானார். எல்.ஐ.எம். என்ற பட்டத்தோடு அங்கிருந்து வெளிவந்தவர்கள் நாடியும் பார்த்தார்கள், ஸ்டெதஸ்கோப்பும் வைத்தார்கள். பிற்காலத்தில் அந்த ஸ்தாபனம் கீழ்ப்பாக்கத்தில் நவீன வைத்தியக் கல்லூரியாகவே மாறிவிட்டது. சித்த வைத்தியத்துக்கு மீண்டும் சென்னையில் ஒரு தேசிய ஸ்தாபனம் தாம்பரத்தில் ஏற்படுவதற்கு 2005 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பேரைச் சொல்லிவிட்டுக் கம்பவுண்டரைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய அநீதி. இந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர்கள் அவரைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் சென்ற நூற்றாண்டில் சென்னையில் வைத்தியம் என்பது பாதி டாக்டரும் பாதி கம்பவுண்டருமாகவே நடந்தது. டாக்டரின் அறைக்குப் பக்கத்தில் மரத் தடுப்பு. அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு சிறு ஜன்னல். உள்ளே பீங்கான் கல்வமும், தராசும், வரிசையாக நிறுத்திய பெரிய கண்ணாடி ஜாடிகளும். நோயாளி வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவந்த சீசாவை வாங்கி, டாக்டர் சீட்டில் கிறுக்கியிருப்பதைப் படித்து, ஜாடிகளிலிருந்து அளந்து ஊற்றி, தண்ணீர் சேர்த்துக் குலுக்கி, நீண்ட காகிதத் துண்டு ஒன்றை மடித்து இரு ஓரங்களிலும் கத்தரியால் நறுக்கிப் பல்பல்லாகச் செய்து, பசை தடவிச் சீசாவின் பக்கத்தில் ஒட்டி, ஒரு பல்லுக்கு ஒரு வேளை என்று சொல்லிக் கொடுப்பார். பொடி மருந்தானால், சதுரக் காகிதங்களைப் பரப்பி, கத்தி முனையால் சமபாகமாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே அளவாக மடிக்கும் அவருடைய விரல்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே குழந்தைகள் தம் ஜுரத்தை மறந்துவிடுவார்கள். டாக்டரிடம் சொல்லத் தயங்கியதை நோயாளிகள் அவரிடம் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்தியத்தை விளக்கியவரும் அவரே. 1948-ஆம் வருஷத்து மருந்தியல் சட்டம் மருந்து கலக்கும் வேலைக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்று விதித்ததும், கம்பெனிகள் மாத்திரையையும் டானிக்கையும் ஆயத்தமாகச் செய்து அனுப்பத் தொடங்கியதும், அந்த உத்தியோகத்தை அடியோடு மறையச் செய்தன. சட்டம் நியாயமானதே, ஆயினும் மறைந்துபோன அம்மனிதர்களின் முதுமைக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை.

தேசம் விடுதலையடையும் தறுவாயில், 1946-இல், சுகாதார நிலையை ஆராய ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. லட்சுமணசுவாமி முதலியார் அதில் ஓர் அங்கத்தினர். பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் டாக்டர்கள் ஏறக்குறைய 47,000 பேர். நர்ஸ்களோ சுமார் 7,000 பேர் மாத்திரமே. ஜனத்தொகைக்குப் பங்கிட்டால் 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. டாக்டர் ஒருவர் இருந்தால் அவருக்குத் துணையாக நர்ஸ்கள் பலர் வேண்டும் என்பது எந்தத் தேசத்திலும் ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம்; நம்முடைய தேசத்திலோ ஏறக்குறைய ஏழு டாக்டர்களுக்கு ஒரு நர்ஸே இருந்தாள். பிறர் உடம்பின் கழிவைத் தொடும் வேலை, இரவில் வெளியே தங்கும் வேலை என்று அந்தத் தொழிலை நம் குடும்பங்கள் இழிவாக நினைத்ததும், அந்த இழிவையே சாக்காக வைத்து அரசாங்கம் சம்பளத்தைக் குறைத்து வைத்ததும் இதற்குக் காரணங்கள். சென்னை மாகாணம் 1926-இலேயே நர்ஸ்களுக்கும் மிட்வைஃப்களுக்கும் தனிப் பதிவுச் சட்டம் இயற்றியிருந்தது உண்மை. ஆனால் பதிவேடு தரத்தைக் காத்ததேயன்றி, வயிற்றைக் காக்கவில்லை. வெகுகாலம் வரையில் இந்நகரத்து வார்டுகளை நடத்தியவர்கள் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும், மலையாள தேசத்திலிருந்து ரயிலேறி வந்த கிறிஸ்தவப் பெண்களுமே. ஊரார் இழிவென்று ஒதுக்கியதைக் கைக்கொண்ட அப்பெண்களால் எத்தனையோ சென்னைக் குடும்பங்களின் உயிர் பிழைத்தது.

சுதந்திரத்தை அடுத்த பதினைந்து ஆண்டுகள், வைத்திய உத்தியோகத்தின் எல்லை நாலா புறமும் விரிந்த காலம். முத்துலட்சுமி ரெட்டியின் இடையறாத முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கி, கதிரியக்கச் சிகிச்சை, நோய்ப் பதிவேடு முதலிய புதிய துறைகளில் ஆட்களைப் பழக்கியது. 1956-இல் சேத்துப்பட்டில் ஏற்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நோயாளியை ஸானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதற்கும் பயனில் பெரிய வேறுபாடில்லை என்பதை 1959-இல் உலகத்துக்கு எடுத்துக்காட்டியது. குடிசையில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை வைத்து நிரூபிக்கப்பட்ட அந்த முடிவால் வைத்திய உத்தியோகத்தின் தன்மையே மாறிற்று. படுக்கைக்குக் காவலாக நின்றவர்களுக்குப் பதிலாக, வீடு வீடாக ஏறி இறங்கி, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டு, தவறியவர்களைத் தேடிப் பிடிக்கும் சுகாதாரப் பணியாளர் என்ற புதிய மனிதர் தேவைப்பட்டார். 1958-இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி நிறுவிய தன்னார்வ சுகாதார சேவையும், சாதாரணக் கல்வி பெற்றவர்களைப் பழக்கி மக்களிடையே வேலை செய்யும் வழியைக் காட்டியது.

அந்த நாட்களில் படித்து வெளிவந்த டாக்டர்களில் ஒரு பகுதியினர் கப்பலேறினார்கள். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்கு ஆட்கள் வேண்டியிருந்தார்கள்; 1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் அங்கேயும் வழி திறந்தது. நர்ஸ்கள் அவர்களைத் தொடர்ந்து, அரபு நாடுகளின் எண்ணெய்ச் செல்வம் கட்டிய ஆஸ்பத்திரிகளுக்குச் சென்றார்கள். 1978-இல் தமிழ்நாடு அரசே வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்று ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. இங்கே காலியிடம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண், மஸ்கட்டிலோ ரியாத்திலோ இரவு பகலாக உழைத்து அனுப்பிய பணத்தில் தம்பிகள் படித்தார்கள், தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. அதை வெறும் ஆசையென்று குறைகூறுவோர், தாம் அவளுக்கு இங்கே என்ன கொடுத்தோம் என்று சிந்திப்பதில்லை.

1983-ஆம் ஆண்டு கிரீம்ஸ் சாலையில் 150 படுக்கைகளோடு அப்போலோ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டதிலிருந்து நகரத்தின் வேலைச் சந்தை வேறொரு யுகத்தில் புகுந்தது. அதுவரையில் தனியார் வைத்தியம் என்றால், மாலை நேரத்தில் டாக்டர் வீட்டு முன்னறையில் நடக்கும் கிளினிக்கும், பத்துப் பதினைந்து படுக்கைகள் உள்ள நர்சிங் ஹோமும், பாதிரிமார்களும் தர்மவான்களும் நடத்திய ஆஸ்பத்திரிகளுமே. இப்போது பங்குதாரர்களின் மூலதனத்தில் நடக்கும் பெரிய ஸ்தாபனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றோடு ஸ்கேன் டெக்னீஷியன், டயாலிஸிஸ் டெக்னீஷியன், கருவிகளைப் பராமரிக்கும் இன்ஜினீயர், பில் போடுபவர், இன்ஷூரன்ஸ் மேஜையில் அமர்பவர், வங்காளத்திலிருந்து வந்த நோயாளிக்கு மொழிபெயர்த்துத் துணை நிற்பவர் என்று எத்தனையோ புதிய உத்தியோகங்கள் முளைத்தன. கணிப்பொறியும் தொலைபேசிக் கம்பியும் இணைந்த பிறகு, அமெரிக்க டாக்டர் இரவில் பேசி அனுப்பியதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையும், அங்கத்து ஆஸ்பத்திரிப் பில்களுக்குக் குறியீடு இடும் மெடிக்கல் கோடிங் வேலையும் சென்னைக்கு வந்து சேர்ந்தன. உயிரியல் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் இருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அவை சோறு போட்டன. ஒரு நோயாளியையும் நேரில் பாராமல் வைத்தியத் துறையில் சம்பாதிக்கும் வர்க்கம் ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

அதே காலத்தில், நோயாளியை நேரில் பார்த்துக்கொண்டே இருப்பவளின் கதி என்ன? இரவு எட்டு மணிக்கு அவள் வார்டில் நுழைகிறாள். பகல் நேரத்து நர்ஸ் ஒவ்வொரு படுக்கையாக அழைத்துச் சென்று, இவருக்கு டிரிப் எத்தனை மணிக்கு முடியும், அவருக்குச் சர்க்கரை எப்போது பார்க்க வேண்டும், இந்தக் கிழவிக்குச் சிறுநீர் எவ்வளவு இறங்கியது என்று ஒப்புவித்துவிட்டுக் கையெழுத்திட்டுப் போகிறாள். அதன் பிறகு விடியும் வரையில் அத்தனை உயிர்களும் இவள் பொறுப்பு. மூச்சுத் திணறுகிறவரைத் தூக்கி உட்காரவைப்பதும், படுக்கையை நனைத்துவிட்டு வெட்கப்படுகிறவரைத் தேற்றித் துணி மாற்றுவதும், அபாயம் வருவதை முகக்குறியிலிருந்தே அறிந்து டாக்டரை எழுப்புவதும் அவளுடைய வேலைதான். அவள் தன் படிப்புக்குச் செலவிட்டது நிலத்தையோ நகையையோ அடகு வைத்த பணம். அத்தகைய பெண்கள் 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நகரத்தின் தனியார் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். சம்பளம் போதவில்லை என்பதோடு, ஒப்பந்தக் காலம் முடியும்வரை அசல் சான்றிதழ்களை நிர்வாகம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதும் அவர்களுடைய முறையீடாக இருந்தது. 2016-இல் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவால் அமைந்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளில் அரசாங்க நர்ஸுக்குச் சமமான சம்பளமும், மிகச் சிறிய ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளமும் கொடுக்கப்பட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு என்பது சட்டமாகாமல் நின்றபடியால், அது ஏட்டுச் சுரைக்காயாகவே பெரும்பாலும் இருந்துவருகிறது.

அரசாங்கமாவது முன்மாதிரியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏற்பட்டு, பரீட்சை எழுதித் தேறுகிறவர்களுக்கு வேலை என்ற நல்ல நியதி உண்டாயிற்று. ஆனால் 2015-இல் அப்படித் தேறி வந்த நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாமையால், 2017 நவம்பரில் தேனாம்பேட்டையிலுள்ள மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் அவர்கள் திரளாக அமர்ந்து போராடினார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது அவசரமாக அழைக்கப்பட்ட நர்ஸ்கள், முகத்தில் கவசம் பதிந்த தழும்போடு வேலை செய்தார்கள்; ஜனங்கள் கைதட்டினார்கள்; 2022 டிசம்பரோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது. துப்புரவு செய்பவர்களும் வார்டு உதவியாளர்களும் காண்டிராக்டர்களின் ஆட்களாக மாறி, எந்த ஆஸ்பத்திரியில் உயிரைப் பணயம் வைத்து உழைக்கிறார்களோ அந்த ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலிலேயே பெயரில்லாதவர்களாக இருக்கிறார்கள். கம்பெனியார் ஆஸ்பத்திரியில் பெயரெழுதப்படாமல் வேலை செய்த தோட்டிக்கும் இவர்களுக்கும் இடையே முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

இந்தச் சரித்திரத்தில் நாம் பெருமைப்படத்தக்கவை பல இருக்கின்றன. பிறப்பைக் கொண்டு அடைக்கப்பட்டிருந்த கதவுகளை இந்தியர்கள் திறந்தார்கள், பெண்கள் திறந்தார்கள், இட ஒதுக்கீட்டின் பயனாக, பரம்பரையில் எழுத்தறியாத குடும்பங்களின் பிள்ளைகள் டாக்டர்களாக அதே வார்டுகளில் நுழைந்தார்கள். ஒவ்வொரு கதவும் திறந்தபோது நோயாளிகளின் க்ஷேமம் உயர்ந்ததேயன்றித் தாழவில்லை. அந்த அனுபவம் நமக்குத் தைரியம் தர வேண்டும். இனிச் செய்ய வேண்டியது கடினமான சூத்திரம் எதுவும் அன்று: வார்டில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்களோ அதைக் கணக்கிட்டுப் பணியிடங்களை உண்டாக்க வேண்டும், நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமான ஆட்களை நியமிக்க வேண்டும், 2016-ஆம் வருஷத்துச் சிபாரிசைத் தமிழ்நாடு சட்டமாக்க வேண்டும், சான்றிதழைப் பிடித்து வைப்பதைக் குற்றமென்று விதிக்க வேண்டும், துப்புரவுப் பணியாளரை ஆஸ்பத்திரியின் சொந்த ஊழியராக ஏற்க வேண்டும். இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்கள், நம் தாயோ தந்தையோ நடுநிசியில் மூச்சுக்குத் தவிக்கும்போது முதலில் ஓடி வருகிறவள் யார் என்பதை எண்ணிப் பார்த்து, அவளுடைய கூலியைக் குறைத்து மிச்சப்படுத்தும் பணம் எந்தத் தர்மக் கணக்கில் சேரும் என்பதற்கு விடை சொல்லட்டும்.